வளர்ப்பு எலி பெரிய ஹேம்ஸ்டர் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கும்போது பிள்ளைகள் செல்லப்பிராணி கேட்டு நச்சரிப்பதும், நாய்க்கோ பூனைக்கோ வீட்டில் இடமும் நேரமும் இல்லை என்று கருதும் பெற்றோர் கூண்டுக்குள் அடங்கும் சிறு விலங்கு ஒன்றைத் தேடுவதும் வழக்கமாகிவிட்டன. அவர்களில் சிலர் இப்போது வளர்ப்பு எலியைத் தெரிவு செய்கிறார்கள். பல ஆண்டுகளாக எலி வளர்த்துவரும் எனக்கு அதில் மகிழ்ச்சியே. மனிதரோடு இத்தனை நெருங்கிப் பழகும் சிறு விலங்கு வேறொன்றை நான் கண்டதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் ஓடி வரும், தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கையை நக்கிக் கொடுக்கும். ஆனால் புதிதாக வளர்க்கத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகளைக் கவனித்தால், பெரும்பாலான தொல்லைகள் ஒரே எண்ணத்திலிருந்து பிறக்கின்றன என்பது தெரிகிறது. எலியைச் சற்றுப் பெரிய ஹேம்ஸ்டர் என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் பல வீடுகளில் ஏதோ ஒரு காலத்தில் ஹேம்ஸ்டர் வளர்ந்திருக்கும். அந்தப் பழைய கூண்டு, அதே மரச்சீவல், அதே விதைக் கலவை, கூண்டுக்கு ஒரு விலங்கு என்ற அதே முறை, எல்லாம் அப்படியே எலிக்கும் வந்து சேர்கின்றன. ஏறக்குறைய இவை ஒவ்வொன்றும் எலிக்குக் கேடு செய்பவை என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த விலங்கை வாங்குவதாக இருந்தாலும், தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் 2019ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் விலங்குநல மருத்துவப் பிரிவு வெளியிட்டுள்ள, வளர்க்க அனுமதியுள்ள விலங்குகளின் பட்டியலைப் பார்த்து, ஐயம் இருந்தால் அவர்களிடமே கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு வாங்குவதே முறை. அண்டை நாடுகளில் எளிதாகக் கிடைக்கும் ஹெட்ஜ்ஹாக், சுகர் கிளைடர் போன்றவற்றை இங்கு வளர்க்க அனுமதி இல்லை. ஜொகூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எந்த விலங்கையும் உரிமமின்றிக் கடற்பாலம் வழியாகக் கொண்டுவருவதும் குற்றமாகும்.

இனி முதன்மையான செய்திக்கு வருகிறேன். எலியைத் தனியாக வளர்க்கக் கூடாது. சிரிய ஹேம்ஸ்டர் தனித்து வாழும் இயல்புடையது. இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடவும் கூடும். இதை அனுபவத்தில் அறிந்த பெற்றோர், எலியையும் ஒன்றாக மட்டும் வாங்குவதே பாதுகாப்பு என்று முடிவு செய்கிறார்கள். அந்த எச்சரிக்கை உணர்வு பாராட்டத்தக்கதே என்றாலும், எலியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. வீட்டில் வளரும் எலிகள் பழுப்பு எலி எனப்படும் ராட்டஸ் நார்வெஜிகஸ் இனத்தின் வழிவந்தவை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விக்டோரியா அரசியாரின் எலி பிடிப்பவர் என்று பெயர் பெற்றிருந்த ஜாக் பிளாக், தாம் பிடித்த எலிகளில் நிறம் வேறுபட்டவற்றைத் தனியே வைத்து இனப்பெருக்கம் செய்து விற்றார். அப்போது தொடங்கிப் பல தலைமுறைகளாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டதில் அவற்றின் நிறமும், மனிதரைக் கண்டால் ஏற்படும் அச்சமும் மாறியிருக்கின்றனவே தவிர, கூட்டமாக வாழும் இயல்பு சிறிதும் மாறவில்லை. ஒன்றன்மேல் ஒன்று படுத்து உறங்குவதும், ஒன்றன் காதையும் கழுத்தையும் மற்றொன்று சுத்தம் செய்துவிடுவதும், மல்லுக்கட்டி விளையாடுவதும் அவற்றின் அன்றாட வாழ்க்கை.

இதை எலிப்பிரியர்களின் மிகைப்பேச்சு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்க நரம்பியல் அறிஞர் யாக் பங்க்செப், எலிகள் விளையாடும்போதும், கையால் கிச்சுக்கிச்சு மூட்டும்போதும் ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலி எழுப்புவதை 1990களில் ஆராய்ந்து வெளியிட்டார். மனிதக் காதுக்கு எட்டும் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால், நம் வரவேற்பறையில் நடக்கும் அந்தக் களிப்பு நமக்குக் கேட்பதே இல்லை. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய குழாய் ஒன்றில் அடைபட்ட கூட்டாளியை விடுவிக்க மற்ற எலி கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. பக்கத்திலேயே சாக்லேட் வைத்திருந்தபோதும், கூட்டாளியையும் விடுவித்து, சாக்லேட்டிலும் பங்கு கொடுத்த எலிகள் இருந்தன. இத்தகைய விலங்கை ஒற்றையாகக் கூண்டில் வைத்துவிட்டு, பெற்றோர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் துணைப்பாட வகுப்புக்கும் போய்விட்டால், பகல் முழுவதும் அதற்கு யாருமில்லை. மாலையில் ஒரு மணி நேரம் கையில் எடுத்துக் கொஞ்சுவது அதற்கு ஈடாகாது. இரண்டு இருந்தால் அவை நம்மோடு ஒட்டாது என்று சிலர் அஞ்சுகிறார்கள். உண்மையில், துணையோடு இருக்கும் எலிதான் அச்சம் நீங்கி மனிதரிடம் விரைவாக வருகிறது.

ஆகவே குறைந்தது இரண்டு வேண்டும். மூன்றாக இருப்பது நல்லது என்பது என் கருத்து. எலியின் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகளே. இரண்டில் ஒன்று இறக்கும் நாளில் மற்றது முதுமையில் தனித்துவிடும் என்பதைத் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர் புதிய எலியைச் சேர்ப்பதானால், இரண்டு வாரங்கள் வேறு அறையில் வைத்து நோய் ஏதும் இல்லை என்று உறுதி செய்த பிறகு, இரண்டுக்கும் பழக்கமில்லாத பொது இடத்தில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். மல்லாக்கத் தள்ளுவதும் கீச்சிடுவதும் இயல்பே. மயிர் சிலிர்த்துப் பக்கவாட்டில் நெருங்கி வந்து, கடித்து இரத்தம் வந்தால் உடனே பிரித்துவிட வேண்டும்.

இரண்டும் ஒரே பாலாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. எலிகள் ஐந்தாறு வாரங்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். கருக்காலம் 21 முதல் 23 நாள்களே. ஓர் ஈற்றில் எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள் பிறப்பது வழக்கம். ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் மீண்டும் கருத்தரிக்கக்கூடும். ஒரு சோடி வாங்கி அடுத்த மாதமே ஒரு கூட்டத்தைப் பராமரிக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல், வாங்கும்போதே தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வார ஆணின் விரைகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஆண்கள் பொதுவாக உடல் பெருத்து, மடியில் படுத்துக்கொள்ளும் அமைதியுடையவை. பெண்கள் ஓயாமல் ஓடி ஆராய்பவை. எதைத் தெரிவு செய்வது என்பது வீட்டாரின் பொறுமையைப் பொறுத்தது.

கூண்டைப் பொறுத்தவரை, ஹேம்ஸ்டருக்கு வாங்கிய பிளாஸ்டிக் பெட்டியும் கண்ணாடித் தொட்டியும் எலிக்கு உதவா. இரண்டு எலிகளுக்கு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளமும், 50 சென்டிமீட்டர் அகலமும், 80 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட கம்பிக் கூண்டு வேண்டும். கம்பிகளுக்கு இடையே 1.2 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குட்டிகள் நுழைந்து வெளியே வந்துவிடும்; தலை நுழையும் இடத்தில் உடல் நுழைந்துவிடும் என்பதே கணக்கு. தரைத்தளம் கம்பியாக இருந்தால் உள்ளங்காலில் புண் வரும் என்பதால் அதன்மேல் துணியோ பலகையோ விரிக்க வேண்டும். ஏறுவதற்குக் கயிறும், தொங்குவதற்குத் துணித் தொட்டிலும், ஒளிந்துகொள்ள அட்டைப் பெட்டிகளும் கொடுத்தால் போதும். கடையில் விற்கும் விலையுயர்ந்த பொம்மைகளைவிட, இணையத்தில் வாங்கிய பொருள் வந்து சேர்ந்த அட்டைப் பெட்டியையே அவை விரும்புகின்றன. படித்து முடித்த நாளிதழைக் கிழித்துக் கூடு கட்டுவதிலும் அவற்றுக்குப் பேரின்பம். ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

கூண்டைவிட, கூண்டை எங்கே வைக்கிறோம் என்பதே நம் ஊரில் பெரிய கேள்வி. எலி வளர்ப்பைப் பற்றிய வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டினர் எழுதியவை. குளிரிலிருந்து காப்பதைப் பற்றி அவை விரிவாகப் பேசும். நமக்கு வேண்டியது அதன் மறுபக்கம். எலிக்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 20 முதல் 24 பாகை செல்சியஸ். இங்கு நண்பகல் வெப்பம் பெரும்பாலான நாள்களில் 31 பாகையைத் தாண்டுகிறது, இரவிலும் 23 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்குகிறது. 2023ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் பதிவான 37 பாகை, 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமமானது என்பது பலருக்கு நினைவிருக்கும். எலியால் நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்க்க முடியாது, நாயைப்போல் மூச்சிரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் முடியாது. மயிரற்ற அதன் வால்தான் உடற்சூட்டை வெளியேற்றும் முதன்மையான வழி. அதுவும் போதாதபோது எச்சிலை மயிரில் தடவிக்கொள்ளும். நம் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் அந்த ஈரமும் எளிதில் உலர்வதில்லை. வியர்க்காத விலங்கின்மேல் மின்விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு, அது குளிர்ந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்வதிலும் பயனில்லை.

எனவே மேற்கு வெயில் படும் சன்னலோரமும், துணி காயப்போடும் சமையலறைப் பின்பகுதியும் கூண்டுக்கு ஏற்ற இடங்கள் அல்ல. பாம்ப் ஷெல்டர் என்று நாம் அழைக்கும் வீட்டுப் பாதுகாப்பறை எல்லாவற்றையும்விட மோசமானது. நாற்றமும் சத்தமும் வெளியே வராது என்று அங்கே கூண்டை வைக்கச் சிலர் நினைக்கலாம். தடித்த சுவரும் கனத்த கதவும் கொண்ட அந்த அறையில் காற்றோட்டம் மிகக் குறைவு. வீட்டிலேயே நிழலும் காற்றும் மிகுந்த, ஆள் நடமாட்டம் உள்ள மூலைதான் கூண்டுக்குரியது. கடும் வெயில் நாள்களில் உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். தரையில் பதிக்கும் ஓடு (டைல்) ஒன்றிரண்டைக் கூண்டுக்குள் போட்டு வைத்தால் அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆழமில்லாத தட்டில் நீர் வைத்து அதில் சில பட்டாணிகளை மிதக்கவிட்டால், விளையாட்டாகவே கால் நனைத்துக்கொள்ளும். குளிரூட்டி பயன்படுத்தும் வீடுகளில் காற்று நேராகக் கூண்டின்மேல் அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எலி துவண்டு படுத்து, எச்சில் வடித்து, வால் சிவந்து சுடுமானால் அது வெப்பத்தாக்கு. பனிக்கட்டி நீரில் முக்கிவிடாமல், குழாய் நீரால் வாலையும் பாதங்களையும் நனைத்துக்கொண்டே உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வெப்பத்துக்கு அடுத்தது மூச்சு. மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் என்னும் நுண்ணுயிர் வளர்ப்பு எலிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிடமும் இருக்கிறது. நல்ல சூழலில் அது அடங்கிக் கிடக்கும்; காற்று கெட்டால், உடல் சோர்ந்தால் தலைதூக்கி நுரையீரலை அரிக்கத் தொடங்கும். முழுவதும் ஒழிக்க முடியாத நோய் இது என்பதால், தூண்டிவிடாமல் இருப்பதே நம் பங்கு. இங்குதான் நம் தமிழ் வீடுகளுக்கென்று தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையும் மாலையும் ஏற்றும் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றின் புகை எலியின் நுரையீரலுக்கு நஞ்சு. பூசையை நிறுத்தச் சொல்லவில்லை. கூண்டைப் பூசையறையிலிருந்து விலக்கி, கதவை மூடி, புகை கலைந்த பிறகு திறந்தால் போதும். சீன நாள்காட்டியின் ஏழாவது மாதத்தில் அண்டை வீட்டார் கீழ்த்தளத்தின் அருகே காகிதம் எரிக்கும் நாள்களிலும், டெங்கியைத் தடுக்கப் புகை தெளிக்கப்படும் நாள்களிலும் அந்தப் பக்கத்துச் சன்னல்களை மூட வேண்டும். 2013 சூன் மாதப் புகைமூட்டத்தில் காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டது. அப்படிப்பட்ட நாள்களில் முகக்கவசம் அணிந்துகொள்ளும் வாய்ப்பு எலிக்கு இல்லை என்பதால், காற்றைச் சுத்திகரிக்கும் கருவி வீட்டில் இருந்தால் அதைக் கூண்டு இருக்கும் அறையில் ஓடவிடலாம். வாசனைத் தெளிப்பான்களும் நறுமண எண்ணெய்களும் அந்த அறைக்கு வேண்டாம்.

ஹேம்ஸ்டர்க் கூண்டில் வழக்கமாகப் போடும் மரச்சீவலும் இதே காரணத்தால் ஆகாது. பைன், செடார் மரச்சீவல்களின் மணம் நமக்கு இனிமையாகத் தோன்றினாலும், அந்த மணத்தை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் எலியின் மூச்சுக்குழாயையும் ஈரலையும் தாக்குகின்றன. காகிதத்தால் செய்த படுக்கை அல்லது துவைத்துப் பயன்படுத்தக்கூடிய ஃபிளீஸ் துணி நல்லது. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா மைக்கோபிளாஸ்மாவுக்குத் துணைபோவதால், ஈரமான இடத்தை அன்றாடமும், கூண்டு முழுவதையும் வாரம் ஒருமுறையும் சுத்தம் செய்ய வேண்டும். நம் மூக்குக்கு நாற்றம் எட்டும்போது, தரையோடு மூக்கை வைத்து வாழும் எலிக்கு அது எப்போதோ எட்டிவிட்டது.

எலி ஒன்றிரண்டு முறை தும்முவதற்கெல்லாம் பதற வேண்டாம். கண்ணிலும் மூக்கிலும் சிவப்பு நீர் கசிவதைக் கண்டு இரத்தம் என்று அலறுவோர் உண்டு. அது இரத்தம் அன்று; கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்னும் நிறமி. ஆனால் அது அடிக்கடி படிந்தால் எலிக்கு உடல்நலமோ மனநலமோ குன்றியிருக்கிறது என்று பொருள். மூச்சுவிடும்போது விலாப்புறம் குழிந்து எழுவது, மார்பில் கரகரவென்ற ஒலி, தலை ஒருபக்கம் சாய்தல், உணவை மறுத்தல் ஆகியவை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடக் கூடியவை அல்ல. பெண் எலிகளுக்கு ஓராண்டுக்கு மேல் பால்சுரப்பிக் கட்டிகள் வருவது மிகச் சாதாரணம். எலியின் பால்சுரப்பித் திசு கழுத்திலிருந்து தொடை வரை பரவியிருப்பதால் கட்டி எங்கும் தோன்றலாம். பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை, சிறிதாக இருக்கும்போதே அறுவை சிகிச்சையில் நீக்கக்கூடியவை. இளமையிலேயே கருத்தடை செய்துவிட்டால் இந்தக் கட்டிகளின் வாய்ப்பு பெரிதும் குறைகிறது.

இதற்கெல்லாம் பணம் வேண்டும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. எலியின் விலை சில வெள்ளிகளாக இருக்கலாம். மருத்துவரின் கட்டணம் எலியின் விலையைப் பார்த்து வருவதில்லை. நாய், பூனைகளைப் பார்க்கும் எல்லா மருந்தகங்களும் எலியை ஏற்பதில்லை. சிறு பாலூட்டிகளுக்குச் சிகிச்சையளித்துப் பழகிய மருத்துவர் வேண்டும். எலியை வாங்குவதற்கு முன்பே வீட்டுக்கு எட்டும் தொலைவில் அத்தகைய மருத்துவர் யார், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எங்கே போவது, ஒரு முறை பார்ப்பதற்கு எவ்வளவு ஆகும் என்று தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொகையைக் கேட்டு மனம் தயங்குமானால், எலி வளர்க்கும் எண்ணத்தைத் தள்ளிப்போடுவதே நேர்மை.

உணவில் ஹேம்ஸ்டருக்கான விதைக் கலவை ஒரு பொறி. சூரியகாந்தி விதையையும் வேர்க்கடலையையும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கும் எலி, கொழுத்தும் சத்தின்றியும் ஒரே நேரத்தில் இருக்கும். எல்லாச் சத்தும் ஒரே கட்டியாக அமைந்த எலி உணவையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்; வளர்ந்த எலிக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் போதும். அதனுடன் கங்கோங், சாய் சிம் ஆகிய கீரைகள், வெள்ளரிக்காய், வேகவைத்த பூசணி, எப்போதாவது சிறிது வேகவைத்த முட்டை என்று ஈரச்சந்தையில் கிடைப்பவற்றைக் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உப்பும் எண்ணெயும் காரமும் சேராத சோறோ தோசைத் துணுக்கோ கெடுதல் செய்யாது. ஆனால் முறுக்கு, மிக்சர், அச்சப்பம் போன்றவற்றைப் பாட்டிமார் அன்போடு நீட்டும்போது தடுக்க வேண்டும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. உண்டது நஞ்சானால் வெளியே தள்ள அதற்கு வழியே இல்லை. வேகவைக்காத பயறு வகைகளும் பச்சை வள்ளிக்கிழங்கும் ஆகா; ஆரஞ்சுத் தோல் ஆண் எலியின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். காற்றடைத்த குளிர்பானத்தை நாக்கில் வைக்கவும் விடக் கூடாது. தண்ணீர்ப் புட்டியின் முனையிலுள்ள குண்டுமணி சிக்கிக்கொள்வது உண்டு என்பதால், புட்டியில் நீர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், முனையை விரலால் தொட்டு நீர் வருகிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும்.

எலியைத் தூக்கும்போது மார்புக்குக் கீழே ஒரு கையும் பின்கால்களுக்கு ஒரு கையுமாகத் தாங்க வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கினால் வாலின் தோலே உரிந்து வந்துவிடக்கூடும். நாள்தோறும் ஒரு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே, மின்கம்பிகள் எட்டாத அறையில், வாசற்கதவும் சன்னலும் மூடியிருக்கும்போது உலவவிட வேண்டும். முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. கைப்பேசியின் மின்னேற்றிக் கம்பி அவற்றுக்கு மிகப் பிடித்த உணவு. 2024 செப்டம்பர் முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்திருப்பதால், இரண்டையும் ஒரே வீட்டில் வைக்கலாமா என்ற கேள்வி இப்போது எழுகிறது. பூனையின் வாடையே எலியை ஓயாத அச்சத்தில் வைத்திருக்கும். ஒரே வீட்டில் இரண்டும் வேண்டாம் என்பேன்.

பிள்ளைகளுக்காக வாங்கினாலும் பொறுப்பு பெரியவர்களுடையதே. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கையில் எலியைத் தனியாகக் கொடுக்கக் கூடாது. குழந்தை இறுக்கிப் பிடிக்கும், எலி கடிக்கும். எலியின் வாயிலுள்ள நுண்ணுயிரால் எலிக்கடிக் காய்ச்சல் வரக்கூடும் என்பதால், கடியோ கீறலோ பட்டால் சோப்பிட்டுக் கழுவி, காய்ச்சல் கண்டால் எலி வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொட்ட பின் கை கழுவுவதும், எலியை முத்தமிடாமல் இருப்பதும் வீட்டில் விதியாக இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் வாங்குவதற்கு முன், எலி வளர்ப்பவர் வீட்டுக்குச் சென்று சிறிது நேரம் இருந்து பார்ப்பது நல்லது, ஏனெனில் எலியின் சிறுநீரிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும்.

அண்டை வீட்டாரின் அச்சத்தையும் மதிக்க வேண்டும். குப்பைத் தொட்டியருகே ஓடும் எலிகளை ஒழிக்கத் தேசியச் சுற்றுப்புற வாரியமும் நகர மன்றங்களும் பாடுபடும் ஊரில், ஒருவர் எலியை அன்போடு வளர்க்கிறார் என்பது எல்லாருக்கும் உடனே புரிந்துவிடாது. கூண்டை நடைபாதையில் வைக்காமலும், உணவு மூட்டையை இறுக மூடியும், கழிவைப் பையில் கட்டிப் போட்டும் வந்தால் குறை சொல்ல இடமிராது. வெளியில் கிடக்கும் எலிக்குஞ்சை இரக்கப்பட்டு எடுத்து வந்து வளர்ப்பு எலிகளோடு சேர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். எலிக்காய்ச்சல் முதலிய நோய்கள் அதனோடு வரலாம்.

வளர்க்க முடியாமல் போனால் புல்வெளியில் விட்டுவிடலாம் என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூண்டில் பிறந்த எலி வெளியே ஓரிரு நாள் தாங்குவதும் அரிது. பூனையோ, நச்சுணவோ, வெயிலோ அதை முடித்துவிடும். செல்லப்பிராணியைக் கைவிடுவது சட்டப்படியும் குற்றம். முதன்முறை குற்றம் புரிவோருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வேறு நல்ல வீடு தேடிக் கொடுப்பதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதை அறிந்து, முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. அப்படி வீடு தேடும் வளர்ந்த எலிகளை, கடையில் குட்டி வாங்குவதற்கு முன் புதியவர்கள் ஒருமுறை பார்க்கலாம். ஏற்கனவே பழகிய சோடி, பால் உறுதியானது, குணம் தெரிந்தது. முதன்முறை வளர்ப்போருக்கு இவையே ஏற்றவை என்பேன்.

கடைசியாக, விடுமுறையைப் பற்றி. திசம்பரில் குடும்பத்தோடு தமிழகத்துக்கோ மலேசியாவுக்கோ புறப்படும் வீடுகள் பல. எலியை ஒரு வாரத்துக்கான உணவோடு பூட்டிய வீட்டில் விட்டுச் செல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் ஒருவர் வந்து நீரையும், அறையின் வெப்பத்தையும், எலிகளின் மூச்சையும் பார்க்க வேண்டும். பயணச்சீட்டு ஏற்கனவே வாங்கியாயிற்று என்றால், பிள்ளைகளிடம் சொல்லி, கூண்டையும் மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் இப்போதே தயார் செய்துவிட்டு, எலிகளைத் திரும்பி வந்த பிறகு சனவரியில் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி ஒருவர்,
ஈசூன்